பாட்டு நினைவிருக்கிறது, பாடியவர் யார்? ஈழத்துத் தமிழ் இசையைக் கேட்க ஒரு கையேடு

திருகோணமலை நகரிலிருந்து சாம்பல்தீவுப் பாலத்தைக் கடந்து நிலாவெளிக்குப் போகும் பேருந்துகளில் பெரும்பாலும் ஒலிப்பது தென்னிந்தியத் திரைப்பாடல்தான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நல்ல பாட்டு எங்கிருந்து வந்தாலும் நல்ல பாட்டே. ஆனால் நம்மவர்கள் தாமே எழுதி, இசையமைத்து, எந்தப் படத்துக்காகவும் இல்லாமல் பாடிய பாட்டுகளும் ஏராளம் உண்டு. அவற்றில் ஒன்று எப்போதாவது காதில் விழுந்தால் "நல்லாயிருக்கே, ஆர் பாடினது?" என்று கேட்கிறோம். பதில் சொல்ல ஆள் கிடைப்பது அரிது.

ஈழத்துத் தமிழ் இசையைக் கேட்கத் தொடங்குபவர்களுக்கு வகைவகையாக ஓர் அறிமுகம் இது. ஒவ்வொரு வகையிலும் யாரைக் கேட்கலாம், எதைக் கவனிக்கலாம் என்பதோடு, அவர்களுடைய பெயர்கள் ஏன் தொலைந்துபோகின்றன என்பதையும் சேர்த்தே பார்க்கலாம்.

பண்ணும் தவிலும்

திருகோணமலையின் இசை வரலாறு கோணேசர் கோயிலில் தொடங்குகிறது. 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய திருக்கோணமலைப் பதிகம் மூன்றாம் திருமுறையில் இருக்கிறது. அதன் பண் புறநீர்மை. இன்று ஓதுவார்கள் இப்பண்ணைப் பூபாள இராகத்தில் பாடுகிறார்கள். விடியற்காலைக்குரிய இராகம் என்பதால் அந்த நேரத்தில் கேட்டுப் பார்ப்பது நல்லது.

பண் என்றால் என்ன, பழந்தமிழரின் யாழ் எப்படி இருந்தது என்று ஆராய்ந்து 'யாழ் நூல்' எழுதியவர் சுவாமி விபுலாநந்தர். காரைதீவில் பிறந்த அவர், திருகோணமலை இந்துக் கல்லூரியின் அதிபராகவும் இருந்தவர். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் யாழ் நூல் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் காலமானார்.

தவிலில் கேட்க வேண்டியவர் அளவெட்டியைச் சேர்ந்த யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி (1933–1975). தமிழ்நாட்டின் முன்னணி நாதஸ்வர வித்துவான்களோடு வாசித்து, அங்கும் பெரும் மதிப்புப் பெற்றவர். அவரைப் பற்றி அம்ஷன் குமார் இயக்கிய ஆவணப்படம் இந்தியாவின் தேசியத் திரைப்பட விருதைப் பெற்றது. அவர் வாசிப்பைக் கேட்கும்போது வேகத்தை மட்டும் பார்க்காதீர்கள். எவ்வளவு வேகத்திலும் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியே தெளிவாக விழுகிறதா என்று கவனியுங்கள்.

மெல்லிசை

இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தமிழ்ச் சேவை, உள்ளூர்க் கவிஞர்களின் பாடல்களுக்கு உள்ளூர் இசையமைப்பாளர்களைக் கொண்டு மெட்டமைத்து ஒலிபரப்பியது. அதைத்தான் ஈழத்து மெல்லிசை என்கிறோம். திரைப்பாடலின் இனிமை இதில் உண்டு, ஆனால் கதைச் சூழல் என்ற கட்டாயம் இல்லை. அதனால் பாட்டின் வரிகள் தம் காலிலேயே நிற்க வேண்டும்.

இந்த வகையில் திருகோணமலைக்குத் தனி இடம் உண்டு. எம்.பி.பரமேஷ், எம்.பி.கோணேஷ் சகோதரர்கள் இந்த ஊர்க்காரர்கள். பரமேஷ் இசையமைத்துப் பாடிய 'உனக்குத் தெரியுமா' என்ற பாடல் இசைத்தட்டாக வெளிவந்து நாடெங்கும் வானொலியில் ஒலித்தது. ஈழத்து மெல்லிசையின் முன்னோடி இசைத்தட்டுகளில் அதுவும் ஒன்று. படக் கம்பனியோ நட்சத்திரமோ துணையில்லாமல், ஒரு துறைமுக நகரத்து இளைஞர்கள் தங்கள் பாட்டைத் தாங்களே தட்டாக்கினார்கள். 'சுயாதீன இசை' என்று இன்று புதிதுபோலச் சொல்லப்படுவதை அவர்கள் அரை நூற்றாண்டுக்கு முன்பே செய்துவிட்டார்கள். பரமேஷ் பின்னர் ஜேர்மனிக்குப் புலம்பெயர்ந்தார்.

இதே காலப்பகுதியில் சிங்களத் திரையிசையிலும் தமிழர்கள் இருந்தார்கள். ஆர்.முத்துசாமி, எம்.ரொக்சாமி ஆகியோர் அங்கே முக்கியமான இசையமைப்பாளர்கள். சிங்கள ரசிகர்கள் முணுமுணுக்கும் பழைய பாடல்கள் சிலவற்றின் பின்னால் தமிழ்க் கைகள் இருப்பதை நம்மில் பலர் அறிவதில்லை.

பொப்பிசை

இலங்கையின் பைலா, போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற ஆட்டப்பாட்டிலிருந்து பிறந்தது. ஆபிரிக்க வம்சாவளியினரான காப்பிரியர்களும், மட்டக்களப்பு, திருகோணமலைப் பறங்கியர்களும் அந்தத் தாளத்தைக் காத்து வந்தவர்கள். 20ஆம் நூற்றாண்டில் அதை மேடைப் பாட்டாக்கியவர் பொலிஸ்காரராக இருந்த வொலி பஸ்தியன். ஆறு எண்ணிக்கையில் துள்ளும் அந்த நடை காதில் பட்டாலே கால் தானாக அசையும்.

இந்தத் துள்ளலை யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழோடு சேர்த்தபோது தமிழ்ப் பொப்பிசை உருவானது. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' ஆகியவை இதில் முதலில் கேட்க வேண்டியவை. உறவுமுறைக் கேலியும் ஊர்ப் புத்திமதியும் கிற்றாரோடு கலந்து வருவதே இவற்றின் சுவை.

'பொப்பிசைச் சக்கரவர்த்தி' என்று அழைக்கப்பட்டவர் ஏ.ஈ.மனோகரன். அவர் பாடிப் பரப்பிய 'சுராங்கனி' கடலைக் கடந்தது. 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா அதைப் பயன்படுத்தினார். இன்று தமிழ்நாட்டில் பலருக்கு அது ஒரு சினிமாப் பாட்டு. மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார்.

ராப்பும் புலம்பெயர் இசையும்

கொழும்பிலிருந்து கிரிஷான் மகேசனின் 'ஏசியன் அவெனியூ' 2006இல் வந்தது. அதே ஆண்டில் மலேசியாவில் யோகி பி, நட்சத்ரா குழுவினரின் 'வல்லவன்' வெளியானது. தமிழ் ராப் திரைப்படத்தின் துணுக்காக இல்லாமல் தனித் தொகுப்பாக நிற்க முடியும் என்பதை இவை காட்டின.

இலண்டனில் பிறந்து யாழ்ப்பாணத்தில் குழந்தைப் பருவத்தைக் கழித்த மாயா அருட்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் உலகம் அறிந்த கலைஞரானார். 2005இல் வந்த 'அருளர்' தந்தையின் பெயர், 2007இல் வந்த 'கலா' தாயின் பெயர். கனடாவில் ஷான் வின்சன்ட் டி போல், மிருதங்கக் கலைஞர் யான்சனுடன் சேர்ந்து 'மிருதங்கம் ராப்ஸ்' செய்தார். 2021இல் 'மேட் இன் ஜஃப்னா' வெளியிட்டார். மிருதங்கச் சொற்கட்டும் ராப்பின் அசையடுக்கும் எவ்வளவு நெருங்கிய உறவுக்காரர் என்பது இவற்றைக் கேட்டால் விளங்கும்.

பெயர் ஏன் முக்கியம்

2021 மார்ச்சில் வந்த 'என்ஜாய் எஞ்சாமி' நமக்கு நல்ல பாடம். சந்தோஷ் நாராயணன் இசையில் தீயும் அறிவும் பாடியது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் தமிழகம் திரும்பிய தம் பாட்டியின் தலைமுறையை மனதில் வைத்து அறிவு எழுதிய பாட்டு. கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். ஆனால் அதே ஆண்டு ஓகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும் ஷான் வின்சன்ட் டி போலும் இருந்தார்கள், அறிவு இல்லை. பா.ரஞ்சித் உட்படப் பலர் இதைக் கேள்வி கேட்டார்கள். பிறகு அறிவை வைத்து இணைய அட்டை ஒன்றை அந்த இதழ் வெளியிட்டது. 2024 மார்ச்சில், அந்தப் பாட்டால் தமக்கு வருமானம் எதுவும் வந்து சேரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார்.

உலகம் அறிந்த பாட்டுக்கே இந்த நிலை என்றால், மேடையிலும் வானொலியிலும் மட்டும் ஒலித்த பாட்டுகள் எம்மாத்திரம்? யுத்தமும் இடப்பெயர்வுகளும், 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையும் இந்தக் கரையோரத்தில் வீடுகளையே கொண்டுபோயின. அலுமாரியில் இருந்த இசைத்தட்டையும் ஒலிநாடாவையும் யார் தேடுவது? இசைத்தட்டு போனால் அதன் உறையில் அச்சான கவிஞர், இசையமைப்பாளர், வாத்தியக்காரர் பெயர்களும் போகின்றன. மிஞ்சுவது மெட்டு மட்டும்.

சட்டம் படைத்தவர் பக்கம்தான் இருக்கிறது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், படைப்போடு தம் பெயர் குறிப்பிடப்பட வேண்டும் என்று கோரும் உரிமையை ஆக்கியோனுக்கு அளிக்கிறது. பொருளாதார உரிமைகள் பொதுவாக அவர் வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டுகளும் நீடிக்கும். வழக்காடப் பணமும் நேரமும் எத்தனை கலைஞர்களிடம் உண்டு என்பது வேறு கதை. ஆனால் கேட்பவர்கள் செய்யக்கூடியவற்றுக்கு வழக்கறிஞர் தேவையில்லை.

கேட்பவர் செய்யக்கூடியவை

புதிய பாட்டொன்று வந்தால் யூடியூப்பில் அதன் கீழே உள்ள விபரத்தைத் திறந்து பாருங்கள். எழுதியவர், இசையமைத்தவர், வாசித்தவர் பெயர்கள் இல்லையென்றால் பின்னூட்டத்தில் கேளுங்கள். பகிரும்போது பாடகர் பெயரோடு கவிஞர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். வெட்டி ஒட்டிய துண்டைப் பகிராமல், கலைஞரின் சொந்தப் பக்கத்தின் இணைப்பைப் பகிருங்கள். விலைக்கு விற்றால் ஒரு பாட்டையாவது காசு கொடுத்து வாங்குங்கள்.

வீட்டில் பழைய இசைத்தட்டு இருந்தால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள். ஒலிநாடாவை வெயிலும் ஈரமும் காந்தமும் படாத இடத்தில் வையுங்கள். கணினியில் பதிவதானால் எம்பி3யாகச் சுருக்காமல் முதலில் வேவ் கோப்பாகப் பதியுங்கள். சுருக்கியதை மீண்டும் விரிக்க முடியாது. உறையின் இரு பக்கங்களையும் படம் பிடியுங்கள். பாட்டைப் பற்றி வீட்டில் முதியவர்களுக்குத் தெரிந்ததைக் கேட்டு அதோடு எழுதி வையுங்கள். நூலக நிறுவனத்தின் 'ஆவணகம்' போன்ற சேகரங்கள் எழுத்தாவணங்களோடு ஒலிப்பதிவுகளையும் படங்களையும் பாதுகாக்கின்றன. ஒரு பிரதியை அங்கே கொடுக்கலாம்.

அடுத்த நவராத்திரியில் பாடசாலை மேடைக்கு ஒரு பாட்டுத் தெரிவு செய்யும்போது ஈழத்துப் பாட்டு ஒன்றையும் பட்டியலில் சேருங்கள். பிள்ளை பாடத் தொடங்குமுன், அதை எழுதியவர் யார், மெட்டமைத்தவர் யார் என்று ஒலிவாங்கியில் சொல்லச் சொல்லுங்கள். அதற்கு அரை நிமிடம் போதும்.