லாட்டரி, தாயம், மழை: பின்னம் படிக்கும்போதே நிகழ்தகவும் சொல்லித் தந்தால் என்ன லாபம்?

2023-ம் ஆண்டு கேரள அரசின் திருவோணம் பம்பர் லாட்டரியில் முதல் பரிசு 25 கோடி ரூபாய். அது விழுந்தது திருப்பூர் பகுதியைச் சேர்ந்த 4 பேர் சேர்ந்து எடுத்த டிக்கெட்டுக்கு. வாங்கிய இடம், கோவையை ஒட்டிய வாளையார். இப்படி ஒரு செய்தி வந்தாலே "நமக்கும் அடிக்குமா?" என்ற கேள்வி வந்துவிடும். அதற்கான பதில் பள்ளிக் கணக்கிலேயே இருக்கிறது. அதன் பெயர் நிகழ்தகவு.

நிகழ்தகவு என்றால் என்ன?

ஒரு விஷயம் நடக்க எவ்வளவு வாய்ப்பு என்பதைச் சொல்லும் எண். நமக்கு வேண்டிய விடைகளின் எண்ணிக்கையை, வரக்கூடிய மொத்த விடைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் போதும். ஆனால் எல்லா விடையும் வர சம வாய்ப்பு இருக்க வேண்டும். நடக்கவே நடக்காது என்றால் 0, கட்டாயம் நடக்கும் என்றால் 1. மற்றதெல்லாம் இடையில் வரும் பின்னம்தான்.

எந்த வகுப்பில் வருகிறது?

தமிழ்நாட்டில் பின்னம், தசமம், சதவீதம் மூன்றும் 6 முதல் 8-ம் வகுப்புக்குள் முடிந்துவிடும். 2018-ல் வந்த பாடத்திட்டத்தில் நிகழ்தகவு தனிப்பாடமாக வருவது 9-ம் வகுப்பில், அதுவும் கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பாடமாக. அமெரிக்காவில் பல மாநிலங்கள் ஏற்ற 2010-ம் ஆண்டு பாடத் தரத்தில் இது 7-ம் வகுப்பிலேயே இருக்கிறது.

ஏன் சேர்த்துச் சொல்ல வேண்டும்?

ஒரு பையில் 8 கோலிக்குண்டு, அதில் 3 சிவப்பு. இன்னொரு பையில் 5 குண்டு, அதில் 2 சிவப்பு. கண்ணை மூடி ஒன்று எடுத்தால், எந்தப் பையில் சிவப்பு கிடைக்க வாய்ப்பு அதிகம்? "மூணு இருக்கிற பைதான்" என்று பல பிள்ளைகள் சொல்லக்கூடும். தசமமாக மாற்றினால் விடை தெரியும்.

• முதல் பை: 3/8 = 0.375 = 37.5%
• இரண்டாம் பை: 2/5 = 0.4 = 40%

எண்ணுவதற்குப் பின்னம், ஒப்பிடத் தசமம், அடுத்தவருக்குச் சொல்லச் சதவீதம். மூன்றும் ஒரே எண்ணின் மூன்று முகம் என்பது இங்கே தானாகப் புரியும்.

வீட்டிலேயே செய்து பார்க்கலாமா?

தாயக்கட்டை இருந்தால் போதும். ஒவ்வொரு கட்டையிலும் 4 முகம்: வெறுமை, 1, 2, 3. இரண்டையும் உருட்டினால் 16 விதமாக விழலாம். தாயம், அதாவது மொத்தம் 1, வருவது இரண்டே விதத்தில். எனவே வாய்ப்பு 2/16 = 1/8 = 0.125 = 12.5%.

"பத்து தடவை போட்டாச்சு, இந்நேரம் விழோணுமே" என்று தோன்றும். ஆனால் முன்பு விழுந்தது கட்டைக்கு ஞாபகம் இருக்காது. பதினோராவது தடவையும் அதே 12.5% தான்.

ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டை என்றால் கதை வேறு. இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது என்பதால் வாய்ப்பு பாதிப் பாதி என்று சொல்ல முடியாது. 100 முறை போட்டு எண்ண வேண்டும். உதாரணமாக, 56 முறை வெள்ளை விழுந்தால் 56/100, 0.56, 56%. இது சோதனையில் கிடைக்கும் நிகழ்தகவு.

மழைச் செய்தியில் என்ன அர்த்தம்?

"60% மழை வாய்ப்பு" என்றால் நாளில் 60% நேரம் மழை பெய்யும் என்று அர்த்தமில்லை. இப்படிச் சொன்ன 10 நாளில் சுமார் 6 நாள் மழை இருக்கும், 4 நாள் இருக்காது என்று எடுத்துக்கொள்ளலாம். மருந்து அடிப்பதா, மஞ்சளைக் களத்தில் காயப்போடுவதா என்று முடிவெடுக்கும் விவசாயிக்கு அந்த 4 நாளும் முக்கியம்.

சரி, லாட்டரி கணக்கு?

2023 பம்பரில் 500 ரூபாய் டிக்கெட் 75 லட்சத்துக்கும் மேல் விற்றது. முதல் பரிசு ஒன்றே ஒன்று. அப்படியென்றால் ஒரு டிக்கெட்டுக்கான வாய்ப்பு 75 லட்சத்தில் ஒன்றுக்கும் கீழே. சதவீதத்தில் சுமார் 0.000013.

தமிழ்நாட்டில் லாட்டரி விற்பனை 2003-ல் தடை செய்யப்பட்டது. ஆனாலும் சட்டவிரோத மூன்று நம்பர் லாட்டரி வழக்குகள் கொங்கு பகுதியிலும் பதிவாகின்றன. 000 முதல் 999 வரை 1,000 எண்கள். ஒரு எண்ணுக்கு வாய்ப்பு 1/1000, அதாவது 0.1%. தினமும் ஒரு எண் கட்டினாலும், மூன்று வருடம் கட்டிய ஒருவருக்கு ஒரு முறைகூட அடிக்காமல் போக 33% வாய்ப்பு உண்டு. கூலிப் பணத்தை எடுத்துக் கட்டுவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டிய பின்னம் இது.