டைன் நதியில் பறிபோன கப்பல்

1914ஆம் ஆண்டு ரமலான் மாதம். இங்கிலாந்தின் நியூகாஸில் நகரில், டைன் நதிக்கரையில், ஏறத்தாழ ஐந்நூறு துருக்கிய மாலுமிகள் ஒரு கப்பலில் காத்திருந்தனர். எதிரே ஆம்ஸ்ட்ராங் நிறுவனத்தார் கட்டி முடித்த ‘சுல்தான் உஸ்மான்’ என்னும் மாபெரும் போர்க்கப்பல் நின்றது. ஏழு சுழல்மேடைகளில் பதினான்கு பெரும் பீரங்கிகள். அந்நாளில் வேறெந்தக் கப்பலிலும் இத்தனை பெரும் பீரங்கிகள் இல்லை. அதில் பிறைக்கொடியை ஏற்றித் தாயகம் கொண்டு செல்ல வந்திருந்தவர், பால்கன் போரில் ‘ஹமீதிய்யா’ கப்பலைச் செலுத்திப் புகழ்பெற்ற தளபதி ரவூஃப் பே.

கொடி ஏறவில்லை. ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில் ஆயுதம் தாங்கிய பிரிட்டிஷ் படையினர் கப்பலில் ஏறி அதைக் கைப்பற்றினர். பாரோ நகரில் விக்கர்ஸ் நிறுவனம் கட்டிய ‘ரஷாதிய்யா’வுக்கும் அதே கதி நேர்ந்தது. உத்தரவிட்டவர் அன்று பிரிட்டனின் கடற்படை அமைச்சராயிருந்த வின்ஸ்டன் சர்ச்சில்.

அன்றைய தினம் பிரிட்டனும் உதுமானிய அரசும் பகைவர்களல்லர் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். 1909 முதல் உதுமானியக் கடற்படைக்குப் பயிற்சியளித்து வந்ததே பிரிட்டிஷ் தூதுக்குழுதான். 1912 முதல் அட்மிரல் லிம்பஸ் என்னும் ஆங்கிலேயர் இஸ்தான்புல்லில் அமர்ந்து அப்பணியை நடத்தி வந்தார். அவர்தம் நாட்டிலிருந்தே கப்பல் வாங்குவது பாதுகாப்பானது என்று கலீஃபாவின் அரசு கருதியதில் வியப்பில்லை.

அந்தக் கப்பல்களின் தேவையும் சாதாரணமானதன்று. 1912-13ஆம் ஆண்டுகளின் பால்கன் போரில், கிரேக்கர்களின் ‘அவெரோஃப்’ என்னும் ஒரே நவீனக் கப்பலுக்கு ஈடுகொடுக்க இயலாமல் ஏஜியன் கடலின் தீவுகள் கைநழுவின. அப்போரில் காயமுற்றோருக்குச் சிகிச்சையளிக்க டாக்டர் அன்சாரியின் தலைமையில் இந்தியாவிலிருந்து மருத்துவக் குழு சென்றதையும், நம் நாட்டு முஸ்லிம்கள் அதற்காக நிதி திரட்டியதையும் நம்மில் பலர் அறிவர். அந்தத் தோல்விக்குப் பின்புதான், பிரேசில் நாட்டிற்காகக் கட்டப்பட்டுக்கொண்டிருந்த கப்பலை உதுமானிய அரசு 1913 டிசம்பரில் 27 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டுக்கு விலை பேசிச் ‘சுல்தான் உஸ்மான்’ என்று பெயரிட்டது.

கஜானாவோ காலி. ஒரு பகுதிக்குப் பாரிஸ் வங்கியில் கடன் பெற்றனர். 1909இல் தொடங்கப்பட்ட கடற்படை உதவிச் சங்கம் ஊர் ஊராகப் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டியது. அரசு ஊழியர் ஊதியத்தில் ஒரு பங்கும், பள்ளிச் சிறுவர்களின் சில்லறைக் காசுகளும் அதில் சேர்ந்தன. பெண்கள் தம் கூந்தலை அறுத்து விற்று அப்பணத்தைக் கொடுத்தனர் என்றும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. பள்ளிவாசல் கட்டட நிதிக்கு ஏழை எளியவர் தரும் பணம் எத்தகைய அமானிதம் என்பதை ஜமாஅத்தார்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை. அந்த அமானிதத்தைத்தான் பிரிட்டன் ஒரே நாளில் எடுத்துக்கொண்டது.

அடுத்து நடந்தது இன்னும் விசித்திரமானது. பிரிட்டிஷ் கப்பல்களால் துரத்தப்பட்ட ‘கோபன்’, ‘பிரஸ்லாவ்’ என்னும் இரு ஜெர்மானியப் போர்க்கப்பல்கள் ஆகஸ்டு 10ஆம் நாள் தார்தனல்ஸ் நீரிணையில் புகலிடம் தேடின. பறிபோன இரண்டுக்கும் ஈடாக இவ்விரண்டையும் ‘விலைக்கு வாங்கியதாக’ உதுமானிய அரசு அறிவித்தது. ‘யாவூஸ் சுல்தான் சலீம்’, ‘மிதில்லி’ என்று பெயர்களும் மாறின. மாலுமிகள் மட்டும் மாறவில்லை. ஜெர்மானியரே தலையில் துருக்கித் தொப்பி அணிந்து கப்பலைச் செலுத்தினர். நம் பாட்டனார் காலத்தில் கண்ணியத்தின் அடையாளமாக அணியப்பட்ட அதே தொப்பி!

ஆகஸ்டு பிற்பகுதியில் சர்ச்சில் சமாதானத்திற்கு முயன்றார். ஜெர்மானியர் அனைவரையும் வெளியேற்றினால், எடுத்துக்கொண்ட கப்பல்களுக்கு நாளொன்றுக்கு ஆயிரம் பவுண்டு வீதம் வாடகை தருவதாகச் சொல்லியனுப்பினார். காலம் கடந்துவிட்டிருந்தது. அக்டோபர் 29ஆம் நாள் அந்தத் துருக்கித் தொப்பிக் கப்பல்கள் கருங்கடலில் ருஷ்யத் துறைமுகங்களைத் தாக்கின. ஒரு வாரத்திற்குள் ருஷ்யாவும் பிரிட்டனும் பிரான்சும் போர் அறிவித்தன. அந்தப் போரின் முடிவில் பேரரசும், சில ஆண்டுகளில் கிலாஃபத்தும் இல்லாமற் போயின.

இத்தனைக்கும் சர்ச்சிலின் செயலே காரணம் என்று எழுதுவோர் உண்டு. நம்மவர் என்பதற்காக மறுபக்கத்தை மறைப்பது நீதியாகாது. கப்பல்கள் பறிக்கப்பட்ட அதே நாட்களில், ஆகஸ்டு 2ஆம் நாள், உதுமானிய அரசு ஜெர்மனியுடன் இரகசிய உடன்படிக்கையில் கையெழுத்திட்டிருந்தது. அமைச்சரவையில் பலருக்கே அது தெரியாது. அதற்கு முந்தைய நாள், ‘சுல்தான் உஸ்மான்’ கப்பலை ஜெர்மானியத் துறைமுகத்திற்கே அனுப்பித் தருவதாக அன்வர் பாஷா வாக்களித்திருந்தார். ஆக, இரு தரப்பிலும் நம்பிக்கை முன்பே செத்துவிட்டிருந்தது. ஆயினும் மக்கள் மனத்தில் பதிந்தது ஒன்றுதான்: எங்கள் பணம், எங்கள் கப்பல், ஆங்கிலேயன் பறித்தான். போர் வேண்டாமென்று இஸ்தான்புல்லில் வாதாடியவர்களின் வாயை அந்த ஒரு செய்தி அடைத்துவிட்டது.

இரு கப்பல்களும் வேறு பெயர்களில் பிரிட்டனுக்காக 1916இல் ஜட்லண்ட் கடற்போரில் கலந்துகொண்டன. 1922இல் பழைய இரும்பாக விற்கப்பட்டன. மறு ஆண்டு லொசான் உடன்படிக்கையின் 58ஆம் பிரிவில், அக்கப்பல்களுக்குக் கொடுத்த பணத்தைத் திரும்பக் கோருவதில்லை என்று துருக்கி எழுதிக் கொடுத்தது.

1952இல் துருக்கி நேட்டோ அணியில் சேர்ந்தது. ஆயுதம் அமெரிக்காவிலிருந்து வந்தது. அதனோடு நிபந்தனையும் வந்தது. 1964 ஜூனில், சைப்ரஸ் விவகாரத்தில் அமெரிக்க ஆயுதங்களைப் பயன்படுத்தக் கூடாதென்று அதிபர் ஜான்சன் பிரதமர் இனோனுவுக்குக் கடுமையான கடிதம் எழுதினார். 1974இல் துருக்கிப் படை சைப்ரஸில் இறங்கியதும், 1975 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்றம் ஆயுதத் தடை விதித்தது. துருக்கி தன் மண்ணிலிருந்த அமெரிக்கத் தளங்களின் பணிகளை நிறுத்தியது. 1978இல் தடை நீங்கியது. இடைப்பட்ட காலத்தில்தான், 1975இல், ‘அசல்சான்’ என்னும் சொந்த இராணுவ மின்னணு நிறுவனத்தைத் துருக்கி தொடங்கியது.

2002இல் எஃப்-35 போர்விமானத் திட்டத்தில் பங்காளியாகச் சேர்ந்த துருக்கி, அதில் 140 கோடி டாலருக்கு மேல் செலுத்தியது. ருஷ்யாவிடமிருந்து எஸ்-400 ஏவுகணைகளைத் துருக்கி வாங்கியபோது, அவற்றின் ரேடார் தன் விமானத்தின் இரகசியங்களை அறிந்துவிடும் என்று அமெரிக்கா கூறியது. வான்காப்பு ஏவுகணைகளை நீங்கள் தக்க நிபந்தனையில் தராததால்தான் அங்கே சென்றோம் என்றது துருக்கி. 2019 ஜூலையில் ஏவுகணைகள் அங்காரா வந்திறங்கின. அதே மாதம் துருக்கி திட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. மறு ஆண்டு ஜூலையில், துருக்கிக்கென்று தயாரிக்கப்பட்ட எட்டு விமானங்களை அமெரிக்க விமானப்படை தனக்கே எடுத்துக்கொண்டது.