ஓடிப்போதல் என்னும் குற்றம்

1

வளைகுடா நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போன பெண்களைப் பற்றிய செய்திகள் நம்மிடம் ஒரே வடிவத்தில்தான் வந்து சேர்கின்றன: சூட்டுத் தழும்பு, பூட்டிய அறை, சவப்பெட்டி. 2010ல் சவூதி அரேபியாவிலிருந்து திரும்பிய இலங்கைப் பெண்ணொருவரின் உடலிலிருந்து மருத்துவர்கள் ஆணிகளையும் ஊசிகளையும் அறுத்து எடுத்தார்கள். எக்ஸ்ரே படம் பல நாட்டுப் பத்திரிகைகளில் வந்தது. பார்த்தவர்கள் 'இவங்கள்லாம் மனுஷங்கதானா' என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கேள்வி அதோடு நின்றுவிட்டால் கொடுமை என்பது சில கொடூரர்களின் குணமாகச் சுருங்கிவிடுகிறது. அவர்களைத் திட்டிவிட்டு நாம் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடலாம்.

கேட்கப்படாத கேள்வி ஒன்று இருக்கிறது. முதல் அடி விழுந்த அன்றே ஒரு பணிப்பெண் ஏன் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட முடிவதில்லை? பூட்டு, தெரியாத மொழி, கையில் காசில்லாமை என்று காரணங்களை அடுக்கலாம். எல்லாம் உண்மை. இவற்றுக்கெல்லாம் மேலாக ஒன்று உண்டு. வெளியே கால் வைத்த கணத்திலிருந்து சட்டத்தின் கண்ணில் குற்றவாளி அவர்தான். அடித்தவர் 'ஓடிப்போய்விட்டாள்' என்று ஒரு புகார் கொடுத்தால் போதும். அந்தப் பெண்ணின் குடியிருப்பு அனுமதி செல்லாததாகிவிடும். பிடிபட்டால் காவலில் அடைப்பு, பிறகு நாடு கடத்தல். சவூதியில் பல காலம் நடந்துவந்த இந்தப் புகாருக்கு 'ஹுரூப்' என்று பெயர். அரபு மொழியில் ஓட்டம் என்று பொருள்.

வேலையை விட்டு விலகுவது எப்போது, எப்படிக் குற்றமாயிற்று? வன்முறையின் பட்டியலைவிட இந்தக் குற்றத்தின் வரலாறு நமக்கு அதிகம் சொல்லும் என்று நினைக்கிறேன்.

2

கஃபாலா எனப்படும் முறையின் அடிப்படை எளிது. வெளிநாட்டுத் தொழிலாளி நாட்டுக்குள் வரவும் தங்கவும் வேலை மாறவும், சில நாடுகளில் திரும்பிப் போகவும்கூட, உள்ளூர்க்காரர் ஒருவரின் அல்லது ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருந்தாக வேண்டும். அந்தப் பொறுப்பாளிதான் கஃபீல். நம்ம ஆட்கள் வாயில் 'கபீல்'. சம்பளம் தருபவரும் அவரே, நாட்டில் இருக்க உரிமை தருபவரும் அவரே. அவரோடு சண்டை போட்டால் வேலையோடு நிற்காது, காலடி நிலமும் போய்விடும்.

இதற்கு நம்மிடையே இரண்டு விளக்கங்கள் புழங்குகின்றன. ஒன்று, அரேபியரின் மூர்க்கம், அவர்களுடைய மதம் என்பது. தமிழ்நாட்டில் இந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அங்கே அடிபடுகிற இலங்கை, இந்தோனேசியப் பெண்களில் முஸ்லிம்கள் பலர் என்பது இப்படிப் பேசுகிறவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. இன்னொன்று, நம் இடதுசாரி நண்பர்கள் சொல்வது: இது நிலப்பிரபுத்துவத்தின் மிச்சசொச்சம், முதலாளியம் முற்றும்போது உதிர்ந்துவிடும். முதலாவது வெறுப்பிலிருந்தும் இரண்டாவது நம்பிக்கையிலிருந்தும் பிறக்கின்றன. ஆனால் இரண்டுமே கஃபாலாவைக் கடந்த காலத்தில் கொண்டுபோய் வைக்கின்றன.

கடந்த காலம் இல்லாமலில்லை. கஃபாலா என்பது இஸ்லாமியச் சட்டத்தில் பிணை நிற்பதையும், ஆதரவற்ற குழந்தையைப் பொறுப்பேற்று வளர்ப்பதையும் குறிக்கிற பழஞ்சொல். அடிமை முறை கத்தாரில் 1952லும் சவூதியில் 1962லும் ஓமனில் 1970லும்தான் சட்டப்படி ஒழிந்தது. ஆனாலும் சொல் பழையது என்பதால் பொறியும் பழையது ஆகிவிடாது. பாஸ்போர்ட், விசா, குடியிருப்பு அட்டை ஆகியவை இல்லாமல் கஃபாலா ஒரு நாள்கூட நடக்காது. வரலாற்றாய்வாளர் ஒமர் அல்ஷெஹாபி இதன் தொடக்கத்தை பஹ்ரைனில் பிரிட்டிஷ் செல்வாக்கு ஓங்கியிருந்த 1920களில் காண்கிறார். முத்துக்குளிக்க வெளியிலிருந்து வந்த ஆட்களைக் கண்காணிக்க வேண்டும். அதற்கான போலீசும் பணமும் குறைவு. எனவே ஆளைக் கொண்டுவந்தவன் தலையிலேயே அந்த வேலையைக் கட்டிவிடுவது சிக்கனமான வழியாக இருந்தது. 1932ல் பஹ்ரைனில் எண்ணெய் கிடைத்தது. 1973ல் எண்ணெய் விலை ஏறியபின் லட்சக்கணக்கில் தொழிலாளர்கள் தேவைப்பட்டபோது, கண்காணிப்பைத் தனியாரிடம் ஒப்படைக்கிற இந்த ஏற்பாடு தயாராக இருந்தது. அரசின் குடியேற்ற அதிகாரம் வீட்டுக்கு வீடு பகிர்ந்தளிக்கப்பட்டது. ஒவ்வொரு எஜமானரும் ஒரு சின்ன எல்லைச் சாவடி ஆனார்.

3

பிரிட்டிஷ்காரர்களுக்கு இந்த யோசனை வானத்திலிருந்து விழவில்லை. இங்கிலாந்தில் 1823ஆம் ஆண்டின் எஜமானர் - வேலையாள் சட்டப்படி ஒப்பந்தக் காலம் முடியுமுன் வேலையை விட்டுப் போகும் தொழிலாளிக்கு மூன்று மாதம் வரை கடுங்காவல். எஜமானர் ஒப்பந்தத்தை மீறினால் அது வெறும் உரிமையியல் வழக்கு. 1858க்கும் 1875க்கும் இடையில் ஆண்டுக்குப் பத்தாயிரம் அளவில் தொழிலாளர்கள் மீது இந்த வகை வழக்குகள் போடப்பட்டன. தொழிற்சங்கங்கள் போராடி 1875ல்தான் அதை ஒழித்தன. தொழிற்புரட்சி நடந்த நாட்டில், அது உச்சத்திலிருந்த காலத்தில் நடந்த கதை இது. நிலப்பிரபுத்துவ மிச்சம் என்று இதை எப்படிச் சொல்வது?

இங்கிலாந்தில் செத்த சட்டம் காலனிகளில் உயிரோடிருந்தது. இந்தியாவில் 1859ஆம் ஆண்டின் 13ஆம் சட்டம், முன்பணம் வாங்கிய வேலையாள் வேலைக்கு வராவிட்டால் அவரைச் சிறைக்கு அனுப்ப வழி செய்தது. அதை முற்றாக நீக்க 1920களின் நடுப்பகுதி ஆயிற்று. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் ஓடிப்போன கூலியைத் துரையே வாரண்டு இல்லாமல் பிடிக்கலாம் என்ற அதிகாரம் 1908 வரை நீடித்தது. இலங்கையிலும் 1865ஆம் ஆண்டின் சட்டப்படி தோட்டத்தை விட்டுப் போவது சிறைக்குரிய குற்றம்.

இலங்கைத் தோட்டங்களில் இதோடு இன்னொரு கட்டும் இருந்தது. நம் ஊர்களிலிருந்து கங்காணிகள் கூட்டிப்போன சனங்கள் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டுமானால் துரையிடமிருந்து 'துண்டு' வாங்க வேண்டும். இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று எழுதிய சீட்டு அது. துண்டு இல்லாதவரை வேறு தோட்டம் சேர்க்காது. கடன் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாறும், அதோடு ஆளும் கைமாறுவார். இந்தத் தமிழ்ச் சொல் அப்படியே ஆங்கில ஆட்சியின் ஆவணங்களில் ஏறியது. 1921ல் துண்டு முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது.

ஒழிந்ததா? வளைகுடாவில் வேலை பார்த்த யாரையும் கேளுங்கள், 'என்.ஓ.சி. கிடைச்சா வேற கம்பெனிக்குப் போயிரலாம்' என்று சொல்லியிருப்பார்கள். ஆட்சேபணை இல்லை என்று பழைய முதலாளி தரும் அந்தச் சீட்டு துண்டுதான். தாள் மாறியிருக்கிறது.

முதலாளியத்தின் கீழ் தொழிலாளி இரண்டு அர்த்தத்தில் 'சுதந்திரமானவர்' என்றார் மார்க்ஸ். தன் உழைப்புச் சக்தியை யாருக்கு விற்பது என்பதில் சுதந்திரம். விற்பதற்கு வேறெதுவும் இல்லாத சுதந்திரம். புலம்பெயர் தொழிலாளிக்கு இரண்டாவது மட்டும் முழுசாக வாய்க்கிறது. முதலாவதைப் பறித்துவிட்டால் ஊதியத்தை ஏற்ற வேண்டிய நெருக்கடி முதலாளிக்கு இல்லை. பந்தயத்தில் கால் கட்டப்பட்டவர் இருக்கிறவரை மற்றவர்கள் வேகமாக ஓடித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. கட்டுண்ட உழைப்பை முதலாளியம் விட்டொழித்துவிட்டு வளரவில்லை. தேவைப்படும் இடங்களில் அதைப் புதிதாகச் செய்துகொள்கிறது.

4

கட்டிட வேலை செய்யும் ஆணையும் இந்தக் கயிறு கட்டுகிறது. பாலைவன ஆட்டுக் கிடையில் சிக்கியவனின் கதையைச் சொன்ன பென்யாமினின் 'ஆடுஜீவிதம்' நாவலை நம்மில் பலர் படித்திருக்கிறோம். ஆனால் வீட்டு வேலை செய்யும் பெண்ணைச் சுற்றி இன்னொரு சுவரும் இருக்கிறது. அது வீடு.

லெபனானின் 1946ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தன் ஏழாவது பிரிவில் வீட்டு வேலைக்காரர்களை வெளியே நிறுத்தியது. சவூதி 2021ல் கொண்டுவந்த சீர்திருத்தமும் அவர்களைச் சேர்க்கவில்லை. சிங்கப்பூரின் வேலைவாய்ப்புச் சட்டமும் அப்படித்தான். எல்லோரும் சொல்லும் நியாயம் ஒன்றே: வீடு தொழிற்சாலை அல்ல, அங்கே ஆய்வாளர் நுழைய முடியாது, 'அவ எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி'.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றக் கூடாது. அடியோரும் வினைவலரும் அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே வைக்கத்தக்கவர்கள் என்று தொல்காப்பியம் வகுத்தது. வேலையாள் வீட்டுக்குள் இருக்கலாம், 'அகத்து'க்குள் இருக்க முடியாது. கடற்பயணம் பெண்ணோடு இல்லை என்பதும் அதே நூலின் விதி. பொருள்வயின் பிரிவது ஆண், காத்திருப்பது பெண். இன்று மூதூரிலிருந்தும் ராயலசீமையிலிருந்தும் பொருள்தேடிக் கடல் கடப்பவள் பெண். பிள்ளைகளோடு காத்திருப்பவன் கணவன். அவளுடைய பிரிவுக்கு நம் இலக்கணத்தில் திணை இல்லை. அவளுடைய உழைப்புக்கு அவர்கள் சட்டத்தில் பெயர் இல்லை.

அரபு நாடுகள் மட்டும்தான் என்றும் நினைத்துவிட வேண்டாம். பிரிட்டனில் வீட்டுப் பணியாளர்கள் போராடி 1998ல் எஜமானரை மாற்றிக்கொள்ளும் உரிமை பெற்றார்கள். 2012 ஏப்ரலில் அரசு அந்த உரிமையைப் பறித்தது. ஹாங்காங்கில் 1987ல் வந்த விதிப்படி வேலை போனால் இரண்டு வாரத்தில் நாட்டை விட்டுப் போய்விட வேண்டும். சிங்கப்பூரில் எஜமானர் 5000 வெள்ளி பிணை கட்ட வேண்டும். பணிப்பெண் ஓடிப்போனால் அந்தப் பணம் போய்விடும் என்ற பயத்தில் ஞாயிற்றுக்கிழமைகூட வெளியே விடாமல் வைத்திருந்தவர்கள் உண்டு. வார விடுமுறை அங்கே சட்டமானது 2013ல்தான். வீட்டுப் பணியாளருக்கான சர்வதேச உடன்படிக்கை 2011ல் ஜெனீவாவில் வாக்கெடுப்புக்கு வந்தபோது பிரிட்டனும் சிங்கப்பூரும் வாக்களிக்காமல் ஒதுங்கின. வளைகுடா அரசுகள் ஆதரித்து வாக்களித்தன! இந்தியாவும் ஆதரித்தது, ஆனால் அதற்குப்பின் ஏற்புறுதி செய்யவில்லை.

5

ஆளை அனுப்பும் அரசுகள் என்ன செய்தன? மூதூரைச் சேர்ந்த ரிசானா நஃபீக்கின் வழக்கில் அது தெரிந்தது. பிறந்தது 1988ல், பாஸ்போர்ட்டில் 1982. வயதைக் கூட்டி அனுப்பியது ஆள்பிடிக்கும் வியாபாரம். 2005ல் சவூதி போய்ச் சில வாரங்களுக்குள் அவர் பொறுப்பிலிருந்த கைக்குழந்தை இறந்தது. பால் கொடுக்கும்போது மூச்சுத் திணறியது என்றார் ரிசானா. கொலை என்றது நீதிமன்றம். அவர் பேசிய தமிழை அரபுக்குக் கொண்டுபோன மொழிபெயர்ப்பின் தகுதியே கேள்விக்குள்ளானது. 2013 ஜனவரி 9 அன்று தலை வெட்டப்பட்டது.

அந்த ஆண்டிலேயே இலங்கை அரசு ஒரு விதியைக் கொண்டுவந்தது: ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள தாய்மார் வெளிநாட்டு வேலைக்குப் போகக் கூடாது. இந்த விதி 2022 வரை இருந்தது. இந்தியாவோ முப்பது வயதுக்குட்பட்ட பெண்களுக்கு வளைகுடா வீட்டு வேலைக்கு அனுமதி இல்லை என்றது. பாதுகாப்பு என்று இதற்குப் பெயர். பெண் வீட்டை விட்டுப் போவதையே இங்கும் தடுக்கிறார்கள், அங்கும் தடுக்கிறார்கள். நடப்பில் விளைவது என்ன? பசி விதிக்கு அடங்குவதில்லை. சுற்றுலா விசாவிலும் பொய் வயதிலும் போகிறார்கள். பொய்த்தாளோடு போனவர் அங்கே வாய் திறக்க இன்னும் பயப்படுவார்.

கயிறு எந்தப் பக்கம் மட்டும் இறுகும் என்பதை 2020 காட்டியது. லெபனானில் பொருளாதாரம் சரிந்து தொற்றுநோயும் சேர்ந்துகொண்டபோது, எத்தியோப்பியப் பணிப்பெண்களை எஜமானர்கள் காரில் கொண்டுவந்து பெய்ரூட்டில் அவர்கள் நாட்டுத் துணைத்தூதரக வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். பலருக்குச் சம்பளமும் இல்லை, பாஸ்போர்ட்டும் இல்லை. அவள் போனால் ஓட்டம், குற்றம். அவர்கள் தெருவில் விட்டால் அதற்கு ஒரு பெயர்கூட இல்லை.

6

சீர்திருத்தங்கள் நடந்திருக்கின்றன. பஹ்ரைன் 2009ல் கஃபாலாவை ஒழித்ததாக அறிவித்தது. குவைத் 2015ல் வீட்டுப் பணியாளருக்குத் தனிச் சட்டம் போட்டது. உலகக் கோப்பைக்காக உலகமே பார்த்துக்கொண்டிருந்த கத்தார் 2020ல் வெளியேறும் அனுமதியை வீட்டுப் பணியாளருக்கும் சேர்த்து நீக்கியது, என்.ஓ.சி.யையும் நீக்கியது. இவற்றைச் சும்மா ஏமாற்று என்று தள்ளிவிடுவது போராடிப் பெற்றவர்களுக்குச் செய்யும் துரோகம். ஆனால் கத்தாரில் அதற்குப் பிறகும் 'ஓடிப்போய்விட்டார்' என்று புகார் தரும் வசதி முதலாளி கையிலேயே இருந்தது.

ஆகவே இந்தப் பிரச்சினையில் வேலை செய்கிற தோழர்கள் எந்தப் புதிய சட்டத்தையும் ஒரு கேள்வியால் உரசிப் பார்க்கலாம்: யாருடைய துண்டும் இல்லாமல் அவள் அந்த வீட்டை விட்டுப் போய், அதே ஊரில் வேறு வேலை தேட முடியுமா? முடியாது என்றால் குறைந்தபட்சச் சம்பளம், விடுமுறை, புகார்ப் பெட்டி எல்லாம் எஜமானரின் நல்ல மனசை நம்பித்தான் நிற்கும். மீட்டுக் கூட்டிவருவதும் வேண்டும்தான். ஆனால் மீட்பு கடனோடு ஊருக்குத் திருப்பி அனுப்புகிறது. விலகும் உரிமை அங்கேயே பேரம் பேச வைக்கிறது. 1875க்கு முன் இங்கிலாந்துத் தொழிலாளர்கள் இதற்காகத்தான் போராடினார்கள்.

நம் வீடுகளையும் இதே கேள்வியால் உரசிப் பார்க்க வேண்டும். வேலைக்காரப் பெண் நின்றுகொள்கிறேன் என்று சொன்ன மறுநாள் பீரோவில் நகை காணாமல் போவது நம்மூருக்குப் புதிதல்ல.

சட்டம் 'ஹுரூப்' என்று எழுதுகிற நிலைக்கு வளைகுடாவில் உழைக்கும் தெற்காசியர்கள் தாங்களே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். கபீலை விட்டுப் போய்க் கணக்கில் இல்லாமல் பிழைப்பவரை 'கல்லிவல்லி' என்பார்கள். 'போகட்டும் விடு' என்கிற அரபுப் பேச்சுவழக்கு அது. பத்துப் பேர் ஓர் அறையில் ஒளிந்து, கிடைத்த வேலை செய்து, போலீசுக்குப் பயந்து வாழ்கிற வாழ்க்கைதான் கல்லிவல்லி வாழ்க்கை. அதில் வீரம் தேட வேண்டியதில்லை. ஆனால் தெரிந்தே அதைத் தேர்ந்தெடுத்தவர்கள் இருக்கிறார்கள். கஃபாலாவைப் பற்றி அறிக்கை எழுதுகிறவர்கள் அவர்களிடம் முதலில் கேட்க வேண்டும்.