துவக்கின் விலை: மஸ்கட்டிலிருந்து பெய்ரூத் வரை

விலைவாசி என்றதும் நமக்கு அரிசியும் சீனியும் தேங்காயும்தான் ஞாபகத்துக்கு வரும். வரலாறு எழுதுபவர்களும் ஒரு காலத்தின் பஞ்சத்தையும் செழிப்பையும் அளக்கத் தானிய விலையைத்தான் தேடிப் போவார்கள். துவக்குக்கும் ரவைக்கும் கூட சந்தை உண்டு, விலை உண்டு. அந்த விலையைக் கிரமமாகக் குறித்து வைத்தவர்களும் நூறு வருடத்துக்கு மேலாக இருந்து வருகிறார்கள். முஸ்லிம் நாடுகளின் நவீன வரலாற்றை வாசிக்கிறவர்களுக்கு அந்தக் குறிப்புகள் முக்கியமான சான்று. நம் பக்கத்தில் அவற்றை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ் படித்தவன் என்பதால் அதை விட்டுப் போக மனமில்லை. தமிழ்நாட்டார் ‘துப்பாக்கி’ என்கிறார்கள், நாங்கள் ‘துவக்கு’ என்கிறோம். இரண்டும் துருக்கி மொழியின் ‘துஃபெக்’ என்ற சொல்லோடு உறவுடையவை என்பர். பொருளோடு சேர்ந்து பெயரும் கடலேறி, கைமாறி, ஊருக்கு ஊர் உருமாறி வந்திருக்கிறது. இந்தக் கட்டுரையில் வரும் துவக்குகளும் அப்படிப் பயணம் போனவைதான்.

மஸ்கட் துறைமுகம்

1880களின் இறுதியில் ஐரோப்பியப் படைகள் தங்கள் ஆயுதங்களை மாற்றின. பிரான்ஸ் 1886இல் லெபல் துவக்கையும், பிரித்தானியா 1888இல் லீ-மெட்ஃபோர்டையும் ஏற்றுக்கொண்டன. இவை ஒரே தடவையில் பல ரவைகளை நிரப்பிச் சுடக்கூடியவை. ஒவ்வொரு ரவையாகப் போட்டுச் சுடும் மார்ட்டினி-ஹென்றி போன்ற பழைய ரகங்களுக்கு ஐரோப்பாவில் மதிப்புக் குறைந்தது. ஆனால் பர்மிங்காமிலும் பெல்ஜியத்தின் லியேஜிலும் அவற்றைச் செய்த பட்டறைகள் மூடப்படவில்லை. சரக்குக்கு வேறு சந்தை தேவைப்பட்டது.

1890 ஜூலையில் பிரஸ்ஸல்ஸ் நகரில் வல்லரசுகள் ஓர் ஒப்பந்தம் செய்தன. அடிமை வியாபாரத்தை ஒழிக்கும் பெயரால், ஆப்பிரிக்காவில் வட அகலக்கோடு 20 பாகைக்கும் தென் அகலக்கோடு 22 பாகைக்கும் இடைப்பட்ட பிரதேசத்துக்கு ஆயுதம் அனுப்புவது கட்டுப்படுத்தப்பட்டது. மஸ்கட் இந்த வலயத்துக்கு வெளியே இருந்தது. ஆப்பிரிக்கக் கரையில் வாசல் அடைபட, வியாபாரம் ஓமானின் பக்கம் திரும்பியது.

ஓமான் சுல்தான் நினைத்தாலும் அதைத் தடுப்பது லேசான காரியமல்ல. 1833இல் அமெரிக்காவோடும், 1839இல் பிரித்தானியாவோடும், 1844இல் பிரான்ஸோடும் செய்த உடன்படிக்கைகள் அந்நாட்டு வியாபாரிகளுக்குத் தடையற்ற வணிக உரிமையைக் கொடுத்திருந்தன. இறக்குமதித் தீர்வை 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. சுல்தானின் சுதந்திரத்தை மதிப்பதாகப் பிரித்தானியாவும் பிரான்ஸும் 1862இல் கூட்டாக அறிவித்துமிருந்தன. அந்தச் சுதந்திரத்தின் நிழலில்தான் ஆயுதப் பெட்டிகள் இறங்கின. வருமானம் குறைந்த அரண்மனைக்கு அந்த 5 சதவீதமும் தேவையாக இருந்தது.

வியாபாரத்தில் இறங்காத சமூகம் எது என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். பிரித்தானியக் கொம்பனிகள் இருந்தன, பிரெஞ்சுக்காரர் இருந்தனர், கச்சு நாட்டு இந்து வணிகர் இருந்தனர், அரபுகளும் பலூச்சிகளும் இருந்தனர். 1898 ஜனவரியில் மஸ்கட் கடலில் ‘பலூச்சிஸ்தான்’ என்ற கப்பலைப் பிரித்தானியப் போர்க்கப்பல் ‘லாப்விங்’ மறித்து ஆயுதங்களைப் பறித்தது. சரக்கின் சொந்தக்காரர் ஃபிராஸிஸ் டைம்ஸ் என்ற கொம்பனியார். அவர்கள் லண்டனில் வழக்குப் போட்டார்கள். பிரபுக்கள் சபைவரை போன அந்த வழக்கில், சுல்தானின் பிரகடனப்படி அவருடைய கடலில் நடந்த பறிமுதல் சட்டப்படி சரி என்று தீர்ப்பாயிற்று. சுல்தானின் கட்டளை பிரித்தானிய அதிகாரிக்குக் கவசமானது!

அல்ஃபிய்யாவை மொழிபெயர்த்த வியாபாரி

இந்த வரலாற்றில் என்னை அதிகம் யோசிக்க வைத்த மனிதர் அந்தோனின் கோகுயே என்ற பிரெஞ்சுக்காரர். அரபு மத்ரஸாவில் ஓதினவர்களுக்கு இப்னு மாலிக்கின் ‘அல்ஃபிய்யா’ தெரியாமலிராது. அரபு இலக்கணத்தைச் செய்யுளில் சொல்லும் நூல் அது, நமது நன்னூலைப் போல. அதை 1888இல் பெய்ரூத்தில் பிரெஞ்சு மொழிபெயர்ப்போடு வெளியிட்டவர் இந்தக் கோகுயே. அதற்கு முந்திய வருடம் இப்னு ஹிஷாமின் ‘கத்ருன் நதா’வையும் மொழிபெயர்த்திருந்தார். அத்தகைய அறிஞர் 1899 அளவில் மஸ்கட்டுக்கு வந்து, அங்கே பேர்பெற்ற ஆயுத வியாபாரிகளில் ஒருவரானார். 1909இல் அங்கேயே இறந்தார்.

பிரித்தானிய அதிகாரிகளுக்கு அவர் பெரிய தலையிடி. அரபு அவருக்கு நாவில் தண்ணீர்பட்ட பாடு, பிரெஞ்சுக் கொடியும் பின்னால் நின்றது. அவரை நல்லவர் என்றோ கெட்டவர் என்றோ ஒரே சொல்லில் அடக்க எனக்கு வரவில்லை. ஒரு மொழியின் இலக்கணத்தை அவ்வளவு நேசித்தவர், அதே மொழி பேசுகிறவர்களின் கையில் துவக்கை விற்றுச் சம்பாதித்தார். கல்வி மனிதனைத் தானாகவே திருத்திவிடும் என்று வகுப்பில் சொல்லும்போதெல்லாம் அவர் ஞாபகம் வந்து என் வாயை அடைக்கும்.

திராவில் குறிக்கப்பட்ட விலை

மஸ்கட்டில் இறங்கிய துவக்குகளில் பெரும் பகுதி அங்கே தங்கவில்லை. பாய்மரத் தோணிகளில் ஓமான் குடாவைக் கடந்து பாரசீக மக்ரான் கரைக்குப் போயின. குளிர்காலத்தில் ஆப்கானிய வணிகர்கள் ஒட்டகக் கூட்டங்களோடு வந்து காத்திருந்தனர். பாலைவனம் தாண்டி, ஹெல்மந்த் பக்கமாக ஏறி, கடைசியில் அவை வடமேற்கு எல்லைப்புறத்தின் அப்ரிதிகளிடம் போய்ச் சேர்ந்தன.

கரையில் ஒரு விலை, ஹெல்மந்தில் ஒரு விலை, திராவில் இன்னொரு விலை. இடையில் கரையோரத் தலைவனுக்கு ஒரு பங்கு, ஒட்டகக் கூலி ஒரு பங்கு, பிடிபட்டால் எல்லாம் போய்விடும் என்ற பயத்துக்கு ஒரு பங்கு. ஆகவே திராவில் ஒருவன் கொடுத்த ரூபாயில் இரும்பின் பெறுமதி சிறிது, வழியின் ஆபத்து பெரிது. பெஷாவரிலிருந்த பிரித்தானிய அதிகாரிகள் இதை நன்றாக விளங்கி வைத்திருந்தார்கள். மலைக்குள் போய்த் துவக்குகளை எண்ண அவர்களால் முடியாது. சந்தையில் விலை என்ன என்று கேட்டுக்கொள்ள முடியும். விலை இறங்கினால் சரக்குத் தாராளமாக வருகிறது, ஏறினால் வழி அடைபடுகிறது என்று கணக்குப் போட்டார்கள்.

துவக்கு அங்கே பணத்தைப் போலவே புழங்கியது. 1897இல் திரா யுத்தத்தின்போது தளபதி லொக்ஹார்ட் அப்ரிதிகளிடம் கேட்ட தண்டம் 50,000 ரூபாயும் 800 துவக்குகளும். ஒரக்ஸாய்களிடம் கேட்டது 30,000 ரூபாயும் 500 துவக்குகளும். வெறும் பணத்தை வாங்கிக்கொண்டு போனால் மலையில் எதுவும் குறையப் போவதில்லை என்பது அரசுக்குத் தெரிந்திருந்தது.

ரவையின் கதை தனி. துவக்கு ஒரு முறை வாங்கினால் தலைமுறைக்கும் நிற்கும். ரவை சுடச்சுடத் தீர்ந்துபோகும். மார்ட்டினியின் வெற்றுக் கோதுகளைப் பொறுக்கி மருந்து நிரப்பித் திரும்பப் பாவிக்கலாம். புகையற்ற மருந்துள்ள புதிய .303 ரவையை அப்படிச் செய்வது சிரமம். ஆகவே பட்டாளத்தில் களவெடுத்த நல்ல துவக்கு கையிலிருந்தும் ரவை கிடைக்காமல் தவிப்பது நடந்தது. கொஹாட் கணவாயின் தர்ரா ஆதம் கேலில் பட்டறைகள் எழுந்து, பிரித்தானியத் துவக்கைப் பார்த்து அச்சொட்டாக இன்னொன்றைச் செய்தன. அசலுக்கு ஒரு விலை, தர்ராச் சரக்குக்கு அதைவிட மிகக் குறைந்த விலை.

தடையும் அதன் பிறகும்

1909-10 குளிர்காலத்திலிருந்து, நீண்ட காலம் திருகோணமலையைத் துறையாகக் கொண்டிருந்த கிழக்கிந்தியக் கடற்படை, அட்மிரல் ஸ்லேட் தலைமையில் குடாவைக் காவல் காத்தது. தோணிகள் பிடிபட்டன. கரைக்கு வந்த ஒட்டகங்கள் வெறுமனே திரும்பின. எல்லைப்புறத்தில் விலை ஏறியது. சரக்குக்கு முன்பணம் கட்டியிருந்த ஆதம் கேல் அப்ரிதிகள், நட்டத்துக்கு ஈடு தரும்படி பிரித்தானிய அரசிடமே போய்க் கேட்டார்கள். சிரிப்பாக இருந்தாலும், அவர்கள் பார்வையில் இது ஒரு வியாபாரம், அதை அரசு கெடுத்துவிட்டது, அவ்வளவுதான்.

விலை ஏறிய செய்தி பெஷாவரில் வெற்றி என்று எழுதப்பட்டிருக்கலாம். அந்த வெற்றிக்கான செலவு வேறு இடங்களில் விழுந்தது. 1910 டிசம்பரில் ‘ஹயஸிந்த்’ என்ற போர்க்கப்பலின் வீரர்கள் ஆயுதம் தேடி துபாயில் இறங்கினார்கள். நடந்த மோதலில் ஊரவர் 37 பேர் மாண்டார்கள், கடற்படையினரும் சிலர் இறந்தார்கள். பின்னர் ஷெய்க் புத்தி பின் சுஹைலிடம் கேட்கப்பட்ட தண்டம் 50,000 ரூபாயும் 400 துவக்குகளும். திராவின் கணக்கே கடற்கரைக்கும் வந்தது.

1912 செப்டம்பரில் சுல்தான் பைஸல் பின் துர்கி மஸ்கட்டில் ஆயுதக் களஞ்சியம் ஒன்றை ஏற்படுத்தினார். வருகிற ஆயுதமெல்லாம் அங்கே பூட்டப்பட்டு, அனுமதியோடுதான் வெளியே போகும். இழந்த தீர்வைக்காகப் பிரித்தானியா வருடம் ஒரு இலட்சம் ரூபாய் கொடுத்தது. உள்நாட்டுக் கோத்திரங்களுக்கு எந்த நட்டஈடும் இல்லை. அவர்கள் கைக்குத் துவக்கும் ரவையும் கிடைப்பது அரிதானது. நம்மை நிராயுதபாணியாக்கிவிட்டு அந்நியரிடம் காசு வாங்குகிறார் என்ற கோபம் பரவியது. 1913 மே மாதம் ஸாலிம் பின் ராஷித் அல்-கரூஸி இமாமாகத் தெரிவானார், சில வாரங்களில் நிஸ்வா வீழ்ந்தது. அதே வருடம் ஒக்டோபரில் சுல்தான் இறந்தார். அந்தப் பிளவு 1920இல் சீப் உடன்படிக்கையோடுதான் ஓரளவு அடங்கியது. இமாமத் எழுச்சிக்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் இந்தக் களஞ்சியத்தையும் வரலாற்றாசிரியர்கள் சேர்த்தே எண்ணுகிறார்கள்.

கிளாஷ்னிகோவ் காலம்

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் விலையை அளக்க ஒரு பொதுப் படியாக வந்தது கிளாஷ்னிகோவ். கென்யாவின் கொலோவா என்ற ஊரில் 1986இல் ஒன்றை வாங்க 15 மாடுகள் கொடுக்க வேண்டியிருந்ததாம். இருபது வருடத்துக்குள் அது நாலைந்து மாடுகளாக இறங்கியது. 2007இல் பிலிப் கிலிகோட் என்ற ஆய்வாளர் உலக வங்கியின் ஆய்வுத்தாள் ஒன்றில், 1986 முதல் 2005 வரையான விலைகளைப் பல நாடுகளிலிருந்து திரட்டிக் காட்டினார். 2005இல் உலகச் சராசரி 534 டொலர், ஆபிரிக்காவில் அதைவிட ஏறக்குறைய 200 டொலர் மலிவு. கண்காணிக்க முடியாத எல்லைகள் விலையை இறக்குகின்றன, மலிந்த ஆயுதம் உள்நாட்டுப் போரின் அபாயத்தைக் கூட்டுகிறது என்பது அவருடைய முடிவு.

மொகதிஷுவின் பகாரா சந்தையில் ஆயுதம் விற்கும் பகுதிக்கு ‘வானைச் சுடுகிறவன்’ என்று பொருள்படும் பெயர். வாங்குகிறவர் மேலே சுட்டுச் சோதித்துப் பார்ப்பதால் வந்த பெயர். 1992இல் ஐ.நா. விதித்த தடையைக் கண்காணித்த குழுவினரும் அந்தச் சந்தையைத்தான் கவனித்து எழுதினார்கள்.

ஆப்கானிஸ்தானில் வேறொரு விசித்திரம். சோவியத் படைக்கெதிராக முஜாஹிதீன்களுக்குக் கொடுத்த ஸ்டிங்கர் ஏவுகணைகளை அமெரிக்காவே பிறகு திரும்ப வாங்கப் புறப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் 80,000 முதல் 150,000 டொலர் வரை கொடுத்தார்கள். விலை பார்க்க வந்தவரே பெரிய வாங்குநரானால் சந்தை சும்மா இருக்குமா?

2011இல் சிரியா பற்றியெரியத் தொடங்கியபோது, பக்கத்து லெபனானில் ஆயுத விலை மாதாமாதம் சேகரிக்கப்பட்டது. ஜெனீவாவிலுள்ள சிறு ஆயுத ஆய்வு நிறுவனம் 2013இல் அதை வெளியிட்டது. 2011 பெப்ரவரியிலிருந்து 2012 செப்டம்பர் வரை லெபனானின் விலைக் கோட்டையும் சிரியாவின் மரணக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டும் நெருக்கமாகச் சேர்ந்தே ஏறுகின்றன.

விலையை எப்படி வாசிப்பது?

விலை ஏறியது என்ற ஒரே வரி 1910இல் பெஷாவரில் வழி அடைபட்டதைச் சொன்னது. 2012இல் பெய்ரூத்தில் பக்கத்து நாட்டில் மையித்துகள் கூடியதைச் சொன்னது. விலை இறங்கியது என்ற வரிக்கும் அப்படி இரண்டு முகம். யுத்தம் முடிந்து வாங்க ஆளில்லாமல் இறங்கலாம், சரக்குக் குவிந்து வீட்டுக்கு வீடு துவக்கு வந்ததாலும் இறங்கலாம். வாங்குகிறவன் யார், எதற்காக வாங்குகிறான், வழியில் நிற்பவன் யார் என்று விசாரிக்காமல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டால் வரலாறு தலைகீழாகிவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. எல்லைப்புற முஸ்லிம்களின் கதையை நாம் பெரும்பாலும் வீரக் கதையாகவே கேட்டு வளர்ந்தோம். அந்த வீரத்தை நான் மறுக்க வரவில்லை. ஆனால் விலைக் குறிப்பை வாசிக்கும்போது அங்கே வேறு மனிதர்களும் தெரிகிறார்கள். லியேஜின் பட்டறைக்காரர், லண்டனின் கொம்பனிக்காரர், இலக்கணம் தெரிந்த வியாபாரி, 5 சதவீதத்துக்காகக் காத்திருந்த அரண்மனை, ஒட்டகக்காரன். எல்லோரும் தங்கள் பங்கை எடுத்த பிறகு, கடைசி விலையைக் கொடுத்தவன் மலையில் நின்ற அந்த ஏழை அப்ரிதி. கொலோவாவில் 15 மாடுகளை ஓட்டிக்கொண்டு போனவனும் அவனைப் போல ஒருவன்தான். அந்த மாடுகளின் பால் எந்தப் பிள்ளைகளுக்கு இல்லாமற் போயிற்று என்று எந்த அட்டவணையிலும் எழுதப்படவில்லை.

உயர்தர வகுப்பில் வரலாறு படிக்கிற நம் பிள்ளைகள் சுல்தான்களின் பெயர்களையும் யுத்தங்களின் வருடங்களையும் பாடமாக்குகிறார்கள். சந்தை விலையையும் ஒரு ஆவணமாக வைத்து, அதை யார் எழுதினார், எதற்காக எழுதினார் என்று கேட்கப் பழக்கினால், அந்தப் பெயர்களுக்குப் பின்னால் யார் சம்பாதித்தார், யார் இழந்தார் என்பதும் அவர்களுக்கு விளங்கும்.