சீராம் ராமகிருஷ்ணா: இழையில் வளரும் திசு

துணித் தொழில்நுட்பத்தைத் திசுப் பொறியியலுக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் சீராம் ராமகிருஷ்ணா. சென்னை ஐ.ஐ.டி.யில் எம்.டெக்., கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் முடித்து, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர். மருத்துவத்துக்கு வருமுன் அவர் ஆராய்ந்தது பின்னல் துணியை. கார்பன் இழையைப் பின்னி எப்போக்சியில் இறுக வைத்த குழாய்கள் மோதலை எவ்வளவு தாங்கும் என்று பொருளறிவியலாளர் டெரெக் ஹல்லுடன் சேர்ந்து 1993இல் எழுதினார்.

திசு சிதைந்த இடத்தில் செல்கள் பற்றி வளரத் தற்காலிகச் சாரம் கட்டுவதும், திசு உருவாக உருவாக அது கரைந்துபோவதும்தான் திசுப் பொறியியலின் அடிப்படை. அந்தச் சாரத்தில் இழை எப்படி அமைந்திருக்கிறது என்பது, அது எந்தப் பொருளால் ஆனது என்பதற்குச் சற்றும் குறையாத முக்கியத்துவம் உடையது. திருப்பூர் ராயபுரத்தில் நிட்டிங் மெஷின் ஓட்டுபவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரே நூல்தான், லூப் நீளத்தை மாற்றினால் துணியின் இழுவையும் ஜிஎஸ்எம் எனும் சதுர மீட்டர் எடையும் மாறிவிடும்.

ஆனால் பின்னல் துணியைச் சாரமாக்குவதில் ஒரு சிக்கல் உண்டு. செல்லின் குறுக்களவு பெரும்பாலும் 10 முதல் 20 மைக்ரான். பின்னலின் கண்களோ அதைவிடப் பல மடங்கு பெரியவை. விதைத்த செல்கள் நழுவிவிடும். உடலில் செல்கள் பற்றியிருக்கும் கொலாஜன் நுண்ணிழைகள் 50 முதல் 500 நானோமீட்டர் பருமனே கொண்டவை. அந்த அளவை எட்ட ராமகிருஷ்ணா எலக்ட்ரோஸ்பின்னிங் முறையைக் கையாண்டார். பாலிமர் கரைசலை ஊசிமுனையில் நிறுத்தி, பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் கொடுக்கிறார்கள். துளியிலிருந்து பீறிடும் தாரை காற்றிலேயே நீண்டு மெலிந்து, கரைப்பான் ஆவியாகி, எதிரேயுள்ள சேகரிப்பானில் இழையாகப் படிகிறது. சேகரிப்பான் வேகமாகச் சுழன்றால் இழைகள் ஒரே திசையில் அமையும். அவரது குழு 2004இல் வெளியிட்ட ஆய்வில் இரத்தக்குழாய்ச் சுவரின் தசைச் செல்கள் அந்தத் திசையிலேயே நீண்டன. 2005இல் நரம்பு ஸ்டெம் செல்களும் அவ்வாறே நீண்டன. வேதிப்பொருளே இல்லாமல் இழையின் போக்கு மட்டும் செல்லுக்கு வழிகாட்டியது அவரது பணியின் மிக அழகான பகுதி.

ஆனால் நானோ இழைப் படலம் அடர்த்தியானது. செல்கள் உள்ளே புகத் திணறும். தசைநாண், மூட்டுத் தசைநார் போன்றவற்றின் பளுவையும் அது தாங்காது. அதே பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் கோவின் குழு 2006இல் இரண்டையும் சேர்த்தது: வலுவுக்கு, உடலில் கரையும் பாலிமரான பி.எல்.ஜி.ஏ.யால் பின்னிய துணி, செல்கள் பற்றிக்கொள்ள அதன்மேல் நானோ இழைப் பூச்சு. பன்றியின் எலும்பு மஜ்ஜைச் செல்களை இதில் நேரடியாகச் சொட்டினாலே போதுமானதாக இருந்தது. ஃபைப்ரின் கூழில் பொதித்து வெறும் பின்னலில் வைத்த செல்களைவிட இவை வேகமாகப் பெருகின; கொலாஜன் மரபணுவும் கூடுதலாக இயங்கியது.