குப்பியின் பிறப்பிடம்

பழம்பொருளுக்கு ஊரும் பேரும் சூட்டுதல் எளிது. அவை பொருந்துமா என ஆராய்ந்து தெளிதலே அரிது. அமெரிக்க நாட்டின் பழைய கண்ணாடிக் குப்பிகளின் வரலாறு இதனை நமக்கு நன்கு உணர்த்துகின்றது. மதுவகைகளை நிரப்பிச் சட்டைப்பையில் எடுத்துச் செல்லப் பயன்பட்ட தட்டையான குப்பிகள் இவை. இவற்றுள் பலவற்றில் செய்த இடத்தின் பெயர் இல்லை.

ஸ்டீகல் என்னும் செருமானியர் பென்சில்வேனியாவின் மேன்ஹைம் நகரில் நடத்திய கண்ணாடி ஆலை 1774இல் நொடித்துப் போயிற்று. பின்னாளில் பழம்பொருள் திரட்டுவோர், வரிகளும் கட்டங்களும் பொலிந்த குப்பிகள் பலவற்றுக்கு அவர் பெயரையே சூட்டி மகிழ்ந்தனர். ஆனால் அவ்வாலையின் தொழிலாளர் ஐரோப்பாவில் பயின்ற முறையிலேயே தொழில் செய்தனர். ஆகவே, கடல் கடந்து வந்த குப்பியையும் மேன்ஹைமில் பிறந்த குப்பியையும் கண்ணால் மட்டும் பிரித்தறிதல் இயலாது. வைரக் கட்டத்துள் மலர் அமைந்த வகைக்கு ஐரோப்பாவில் இணை காணப்படாமையால், அதனையே அறிஞர் அவருடையதெனப் பெரிதும் ஏற்கின்றனர்.

கனெக்டிகட் மாநிலத்தில் 1783இல் உரிமை பெற்று எழுந்தது பிட்கின் ஆலை. முறுக்கிய வரிகளையுடைய குப்பிகள் இன்றும் 'பிட்கின் குப்பி' என்றே வழங்குகின்றன. ஆயினும் அத்தகையன ஒகையோ முதலிய பிற பகுதிகளின் ஆலைகளிலும் செய்யப்பட்டன. அவற்றை உற்று நோக்கினால், கழுத்தின் கீழே ஒரு விளிம்பு தோன்றும். ஊதிய குமிழை மறுமுறையும் கண்ணாடிக் குழம்பில் தோய்த்ததன் தடம் அது. செருமானியத் தொழிலாளரின் மரபு. பெயர் முதலாளியைச் சொல்ல, தடம் தொழிலாளியைச் சொல்லுகின்றது.

பொறித்த ஆண்டும் நம்மை ஏமாற்றக்கூடும். குடில் வடிவிலமைந்த பூஸ் விஸ்கிப் புட்டியின் கூரையில் 1840 என்று காணப்படுகின்றது. மரக்குடிலைச் சின்னமாகக் கொண்டு ஹாரிசன் குடியரசுத் தலைவர் தேர்தலில் வென்ற ஆண்டு அது. எனவே புட்டியும் அக்காலத்ததே எனப் பலர் நம்பினர். ஆனால் புட்டியிலுள்ள பிலடெல்பியா முகவரியில் பூஸ் வணிகம் நடத்தியது 1860களில் என்பதை அந்நகரின் முகவரி நூல்கள் காட்டின.

அடியில் இரும்புக்கோல் விட்ட வடு, அச்சின் கோடு, ஆலை நின்ற நிலத்தில் அகழ்ந்தெடுத்த சில்லுகள் ஆகியவற்றை ஒப்புநோக்கியே குப்பியின் பிறப்பிடத்தை நாம் துணிதல் வேண்டும். அவ்வாறு துணியும்போது, முதலாளியரின் புகழில் மறைந்துபோன தொழிலாளரின் கைத்திறமும் வரலாற்றில் தனக்குரிய இடத்தைப் பெறும்.