சுமைப்பெட்டி மடிக்கு வந்த கதை



சிங்கப்பூர்த் தீவின் வடக்கே, ஜோகூர் நீரிணையை நோக்கி அமைந்திருக்கும் ஊர் கிராஞ்சி. ஒரு காலத்தில் காம்பியரும் மிளகும், பின்பு ரப்பரும் விளைந்த தோட்டப்புறம் அது. 1903-இல் அங்கே ரயில் வந்தது. 1975-இல் கிராஞ்சி ஆற்றின் முகத்துவாரத்தை அணைகட்டி அடைத்து, நன்னீர்த் தேக்கம் ஆக்கினார்கள். 1979 முதல் 2023 வரை பி.பி.சி.யின் சிற்றலை ஒலிபரப்பு நிலையம் அந்த ஊரில் இயங்கியது. அங்கே நின்ற உயரமான கம்பங்களிலிருந்து புறப்பட்ட ஒலி ஆசியாவின் பல நாடுகளுக்குச் சென்றது.

அந்த ஒலியைப் பிடித்துத் தந்த பெட்டியை நம் தோட்டத்து மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. லயத்துத் திண்ணையில் வைத்துக் கேட்ட டிரான்சிஸ்டர்தான் அது. 1947-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் என்னும் சிறு மின்னணு உறுப்பைக் கண்டுபிடித்தார்கள். 1954-இல் அதைக்கொண்டு செய்த முதல் கையடக்க வானொலி கடைக்கு வந்தது. அதுவரை வானொலி என்றால் கூடத்து மேசையில் வீற்றிருக்கும் மரப்பெட்டி. அதன் பிறகோ, மின்சாரமே வராத லயத்திலும் நான்கு பேட்டரிக் கட்டைகளில் உலகம் பேசிற்று. பொருள் சிறுத்தது, விலை குறைந்தது, ஏழை வீட்டுக்கும் வந்தது.

இன்று கிராஞ்சியிலும் அதைச் சுற்றிய பகுதிகளிலும் உள்ள தொழிலாளர் விடுதிகளில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பலர் தங்கி வேலை செய்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் 170-ஆம் எண் பேருந்தில் ஏறி, புக்கிட் தீமா சாலை வழியே தேக்காவுக்கு வந்து சேர்கிறவர்கள் உண்டு. அப்படி ஒரு பிள்ளையை நாம் மனத்தில் நிறுத்திக்கொள்வோம். மலைத்தோட்டத்து வீட்டிலிருந்து அவனுடைய தாய் தொலைபேசியில் சொல்கிறாள்: "தங்கச்சிக்குக் காலேஜ் தெறக்கப் போகுதுப்பா. ஒரு லாப்டாப் வேணுமாம். சின்னதா, வெல கொறச்சலா, நல்லதா ஒண்ணு பார்த்து வாங்கிட்டு வாப்பா."

சின்னது, மலிவானது, நல்லது. இந்த மூன்று சொற்களும் ஒரே பெட்டிக்குள் அடங்குமா? இரண்டு மாத உழைப்பின் கூலி இந்தக் கேள்விக்கான விடையில் இருக்கிறது. ஒரு பெண்ணின் படிப்பும் இருக்கிறது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக உலகத்துப் பொறியாளர்கள் இதே கேள்விக்கு விடை தேடியிருக்கிறார்கள். அந்த வரலாறு நம் தமிழ் மலைநாட்டோடும் தொடர்புடையது என்பதுதான் வியப்பு.

ஆடம் ஆஸ்போர்ன் என்பவர் 1939-இல் பாங்காக் நகரில் பிறந்தார். ஆங்கிலேயரான அவருடைய தந்தை ஆர்தர் ஆஸ்போர்ன், இரமண மகரிஷியின் அடியார். இரண்டாம் உலகப் போரின்போது தந்தை ஜப்பானியரின் சிறையில் இருக்க, தாயும் குழந்தைகளும் திருவண்ணாமலையில் வாழ்ந்தார்கள். சிறுவன் ஆடம் அங்கே தமிழ் பேசி வளர்ந்தான். கொடைக்கானலில் பள்ளியில் படித்தான். பின்னர் இங்கிலாந்து சென்று, அங்கிருந்து அமெரிக்கா சேர்ந்து, கணிப்பொறி பற்றிய நூல்களை எழுதிப் பெயர் பெற்றார்.

1981 ஏப்ரலில் அவருடைய நிறுவனம் 'ஆஸ்போர்ன் 1' என்னும் கணிப்பொறியை வெளியிட்டது. அதை வடிவமைத்தவர் லீ ஃபெல்சன்ஸ்டைன். கையில் தூக்கிச் செல்லத்தக்க கணிப்பொறிகளில் வணிகத்தில் வெற்றி கண்ட முதலாவது இதுவே எனலாம். தூக்கிச் செல்லத்தக்கது என்றவுடன் இன்றைய மெல்லிய பலகையை நினைத்துவிடக் கூடாது. பெட்டியில் அடைத்த தையல் இயந்திரம் போல இருந்தது அது. எடை சுமார் 11 கிலோ. திரையோ 5 அங்குலம். நினைவகம் 64 கிலோபைட். மின்சாரச் சுவரில் சொருகினால்தான் வேலை செய்யும். கொழுந்துக் கூடையைச் சுமந்து பழகியவர்களுக்கு அந்தப் பாரம் எவ்வளவு என்று நாம் விளக்க வேண்டியதில்லை.

இருந்தும் அது ஏன் விற்றது? விலை 1,795 டாலர். அந்த விலைக்குள்ளேயே கடிதம் எழுதவும், கணக்குப் போடவும், நிரல் எழுதவும் வேண்டிய மென்பொருள்களையும் சேர்த்தே கொடுத்தார்கள். மற்ற நிறுவனங்களிடம் இவற்றைத் தனித்தனியே காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. இயந்திரம் உச்சத்தில் இருக்க வேண்டியதில்லை, வாங்குகிறவருடைய வேலைக்குப் போதுமானதாக இருந்தால் போதும் என்பது ஆஸ்போர்னுடைய கொள்கை. போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்து என்று நம் ஊரில் சொல்வதைச் சிறு வயதில் அவர் கேட்டிருப்பாரோ என்று எண்ணத் தோன்றுகிறது!

ஆனால் போதுமானது என்பதன் அளவை யார் வரையறுப்பது? ஆஸ்போர்ன் திரையில் ஒரு வரியில் 52 எழுத்துகள்தாம் தெரியும். 1982-இல் கேப்ரோ என்னும் போட்டி நிறுவனம் அதே 1,795 டாலருக்கு, 9 அங்குலத் திரையில் 80 எழுத்துகள் தெரியும் பெட்டியைக் கொண்டுவந்தது. நாள் முழுதும் உட்கார்ந்து எழுதுகிறவனுக்கு 5 அங்குலம் போதவில்லை. இதற்கிடையில் ஆஸ்போர்ன் நிறுவனம் அடுத்த மாதிரி வரப்போகிறது என்று முன்னதாகவே பேசிவிட்டது. புதியது வரட்டும் என்று வாங்குகிறவர்கள் காத்திருந்தார்கள், பழையது தேங்கியது. வேறு காரணங்களும் சேர, 1983 செப்டம்பரில் நிறுவனம் நொடித்தது. ஆஸ்போர்ன் பின்னாளில் இந்தியா திரும்பி, 2003-இல் கொடைக்கானலில் காலமானார். புறப்பட்ட மலைக்கே வந்து சேர்ந்த வாழ்வு அது.

அவருக்குப் பின் இந்தப் பொருள் இரு வழியாகப் பிரிந்தது. 1982-இல் வந்த கிரிட் காம்பஸ் என்பது புத்தகம்போல மடிந்தது. இன்றைய மடிக்கணினியின் உருவத்துக்கு அது முன்னோடி. ஆனால் விலை 8,150 டாலர். அரசாங்கமும் பெரும் நிறுவனங்களும்தாம் வாங்க முடிந்தது. அடுத்த ஆண்டு வந்த டாண்டி நிறுவனத்தின் 'மாடல் 100' சுமார் ஒன்றரைக் கிலோ எடை. டார்ச் விளக்குக்குப் போடுவது போன்ற நான்கு சிறிய பேட்டரிகளில் பல மணி நேரம் ஓடியது. திரையில் எட்டு வரிகள் மட்டுமே. செய்தியாளர்கள் அதை விரும்பி வாங்கினார்கள். ஏன்? அவர்களுடைய வேலை செய்தியை எழுதி, தொலைபேசிக் கம்பி வழியே அனுப்புவது. அதற்கு எட்டு வரி போதும். ஒருவனுக்குப் போதாதது மற்றொருவனுக்குப் போதுமானதாக இருந்தது.

ஏழைக் குழந்தைகளை எண்ணிச் செய்த முயற்சியும் உண்டு. 2005-இல் நிக்கோலஸ் நெக்ரோபாண்டே என்னும் அமெரிக்கப் பேராசிரியர், குழந்தைக்கு ஒரு மடிக்கணினி, விலை 100 டாலர் என்று அறிவித்தார். 2007-இல் அது உற்பத்திக்கு வந்தபோது விலை 188 டாலர் அளவில் நின்றது. எதிர்பார்த்த அளவுக்கு நாடுகள் வாங்கவில்லை. ஆனாலும் மலிவான சிறு கணினிக்கு உலகில் இடம் உண்டு என்பதை அது காட்டிற்று. அதே 2007-இல் தைவானின் ஏசுஸ் நிறுவனம் 'ஈ பிசி' என்ற குட்டிக் கணினியை வெளியிட்டது. 7 அங்குலத் திரை. எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. விலை 399 டாலர். இத்தகைய கணினிகளுக்கு 'நெட்புக்' என்று பெயர் வந்தது; உலகமெங்கும் இலட்சக்கணக்கில் விற்றன. ஆனால் அதன் சேமிப்பிடம் 4 ஜிகாபைட்தான். சிறிய விசைகளில் பெரியவர்களின் விரல்கள் இடறின. 2010-க்குப் பின் பலகைக் கணினி வந்ததும் நெட்புக்கின் காலம் முடிந்தது.

இங்கே நாம் கேட்க வேண்டிய மற்றொரு கேள்வி உண்டு. இந்தப் பெட்டிகள் எல்லாம் தமிழ் அறிந்தனவா? ஆஸ்போர்ன் தமிழ் பேசி வளர்ந்தவர். அவருடைய பெட்டி தமிழ் எழுதவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கப் பாடுபட்டவர்களில் சிங்கப்பூரின் எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி முதன்மையானவர். 1995-இல் சிங்கப்பூர்க் கவிதைகளின் நான்கு மொழித் தொகுப்பு இணையத்தில் ஏறியபோது, அதில் தமிழும் தமிழ் எழுத்திலேயே தோன்றியது அவருடைய உழைப்பால். மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு' மென்பொருளை உருவாக்கினார். 1997-இல் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடிற்று. 1999-இல் சென்னையில் கூடிய மாநாட்டின் தொடர்பாகத் தமிழ்99 என்னும் விசைப்பலகை ஒழுங்கு வந்தது. இன்று எந்தக் கணினியை வாங்கினாலும் தமிழ் எழுத்து அதற்குள் இருக்கிறது என்றால், அது தானாக நடந்ததன்று. இவர்களைப் போன்றோர் போட்ட பாதை.

அரசுகளும் இந்த வரலாற்றில் வருகின்றன. தமிழ்நாட்டில் 2011 செப்டம்பரில் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. கணினியைத் தொட்டே பார்த்திராத பல வீடுகளில் அதுவே முதல் கணினி. சிங்கப்பூரில் 2020 ஏப்ரலில் கொள்ளைநோயால் பள்ளிகள் மூடி, வீட்டிலிருந்தே பாடம் படிக்க நேர்ந்தது. கணினி இல்லாத பிள்ளைகளுக்குப் பள்ளிகள் இரவல் கொடுத்தன. உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவருக்கும் 2028-க்குள் சொந்தக் கருவி என்று முன்பு வகுத்திருந்த திட்டத்தை, ஏழாண்டு முன்னதாக 2021 இறுதிக்குள் முடித்தார்கள். கருவி இல்லாத பிள்ளை வகுப்புக்கு வெளியே நிற்கும் பிள்ளை என்பதை அந்த நோய்க்காலம் எல்லாருக்கும் உணர்த்திவிட்டது.

இனி, கிராஞ்சிப் பிள்ளைக்கு இந்த வரலாறு சொல்லும் யோசனை என்ன? கடைக்குப் போகுமுன் தங்கையிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "இதில் நீ என்ன வேலை செய்யப் போகிறாய்?" எழுதவும் படிக்கவும் பாட வீடியோ பார்க்கவும் என்றால், 8 ஜிகாபைட் நினைவகமும் 256 ஜிகாபைட் எஸ்.எஸ்.டி. சேமிப்பிடமும் போதும். 4 ஜிகாபைட் நினைவகமும் 64 ஜிகாபைட் சேமிப்பிடமும் கொண்ட பெட்டி மலிவாகத் தெரியும். விண்டோஸ் புதுப்பிப்புகளே அதன் இடத்தை நிறைத்துவிடும். 2007-இன் நெட்புக் கற்றுத்தந்த பாடம் இது. பொறியியல் வரைபடம் போன்ற கனமான வேலை என்றால் குட்டிக் கணினியே வேண்டாம். அந்தக் கல்லூரி ஆசிரியரைக் கேட்டு வாங்குவது நல்லது. கண்ணுக்கு இதமாக எழுத 13 அல்லது 14 அங்குலத் திரை ஏற்றது.

குரோம்புக் என்ற மலிவான வகையும் உண்டு. இணையம் நன்றாகக் கிடைக்கும் ஊரில் அது நல்ல துணை. மலைச்சரிவில் சிக்னலைத் தேடி மேட்டுக்கு ஏறும் வீட்டில், இணையமின்றியும் முழுதாக இயங்கும் கணினியே உதவும்.

அலுவலகங்கள் பயன்படுத்திவிட்டு விற்ற நல்ல கணினியைப் புதிய மட்டமான கணினியைவிட மேல் எனலாம். ஆனால் சில சோதனைகள் வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. ஆகவே விண்டோஸ் 11-ஐ அந்தக் கணினி முறையாக ஏற்குமா என்று கேட்க வேண்டும். கடையிலேயே மின்கம்பியை எடுத்துவிட்டு, அரைமணி நேரம் பேட்டரியில் ஓட்டிப் பார்க்க வேண்டும். எல்லா விசைகளையும் ஒருமுறை தட்ட வேண்டும். உத்தரவாதம் இந்தியாவிலும் செல்லுமா என்று எழுத்தில் கேட்க வேண்டும். இரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். சிங்கப்பூர்ச் சொருகியின் முளைகள் செவ்வகமானவை. நம் ஊர் துளைக்கு ஏற்ற கம்பி தனியே வேண்டும். 18 வயது நிரம்பிய பயணி ஒரு மடிக்கணினியைச் சுங்கவரியின்றி இந்தியாவுக்குள் கொண்டுவரலாம்.

வீட்டுக்கு வந்தபின் காப்பதும் ஒரு கலை. மலையில் பனியும் மழை ஈரமும் அதிகம். அடுப்பங்கரைப் புகையிலும் ஈரச்சுவர் ஓரத்திலும் வைக்கக் கூடாது. இடி இடிக்கும்போது மின்கம்பியைக் கழற்றிவிட வேண்டும். மெத்தைமேல் வைத்து ஓட்டினால் காற்றுத்துளை அடைபட்டுச் சூடேறும். முக்கியமான பாடங்களை ஒரு பென்டிரைவில் தனியே எழுதிவைப்பது, கணினி பழுதானாலும் படிப்பைக் காக்கும்.

நேயர்களே, டிரான்சிஸ்டர் நம் லயத்துக்கு உலகின் குரலைக் கொண்டுவந்தது, நாம் கேட்டோம். மடிக்கணினியில் நாமும் எழுதலாம், கேள்வி கேட்கலாம், பதில் அனுப்பலாம். ஆஸ்போர்னின் 11 கிலோப் பெட்டி ஒன்றரைக் கிலோவாக இளைத்திருக்கிறது. அடுத்த ஆண்டு இதைவிட நல்லது வரும் என்று கடைக்காரர் சொல்லலாம்; அது எந்த ஆண்டும் உண்மையே. கல்லூரி அதுவரை காத்திருக்காது. வேலைக்குப் போதுமானதை அறிந்து, சோதித்து, இந்த ஞாயிற்றுக்கிழமையே வாங்கிவிடுவது நல்லது. கொழுந்துக் கூடை சுமந்த தாயின் மகள் அந்த ஒன்றரைக் கிலோவைச் சுமந்து கல்லூரிப் படியேறட்டும்.